வயதுக்கு ஒரு சட்டப்பிரிவு

அன்பழகன் பாவாயியை முதன்முதலாகப் பார்த்தது புதுச்சத்திரத்திலிருந்து நாமக்கல் போகிற டவுன் பஸ்ஸில். கூடப் படித்தவனின் புதுவீட்டுப் பால்காய்ச்சு முடிந்து, வயிறு முட்டத் தின்றுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு நேரமாகிவிட்டதே என்று ஏறியிருந்தான். முன் சீட்டில் ஒரு பெண். வயது முப்பத்தைந்து, முப்பத்தாறு இருக்கும். மடியில் ஒயர் கூடை. கண்ணை மூடிக்கொண்டு, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, வாய்க்குள் என்னவோ சொல்லிக்கொண்டே வந்தாள்.

"பதினாலு மார்க் ஷீட்டு. பதினஞ்சு சைக்கிள். பதினாறு பஸ் ஸ்டாண்டு. பதினேழு பேப்பர் கப்பு..."

கண்டக்டர் வந்து நின்றார். அவள் கண் திறக்கவில்லை.

"ஏனுங்கக்கா, மந்திரத்தைக் கொஞ்சம் நிறுத்திப்போட்டு சீட்டை வாங்குங்க. காசா கேக்கறேன்? கையை நீட்டுங்கன்னுதான கேக்கறேன்."

பஸ் சிரித்தது. அவளும் திடுக்கிட்டு, சிரித்து, கையை நீட்டி இலவசச் சீட்டை வாங்கி முந்தானை நுனியில் முடிந்துகொண்டாள். அன்பழகனும் சிரித்தான். பாவம், யாருக்கோ வேண்டுதல் போலிருக்கிறது, அல்லது தலையில் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டான். எம்.எஸ்சி. படித்தவனுக்கு ஜனங்களை ஒரு பார்வையில் எடை போட்டுவிடுகிற தைரியம் இருந்தது.

நாமக்கல்லில் இறங்கி, செல்போன் கடைக்கு மேல் மாடியில் இருக்கும் பயிற்சி மையத்துக்குப் படியேறினான். அந்தப் பெண்ணும் பின்னாலேயே ஏறினாள். வகுப்பறை வாசலில் நின்று, "சார், நானு புதுசுங்க. குரூப் போர் பரீட்சைக்கு. பேரு பாவாயி. ஜன்னலோரமா ஒக்காந்துக்கறேனுங்க, பண்ணையிலிருந்து நேரா வாரேன், வாடை அடிக்கும்" என்றாள்.

கோழிப்பண்ணை வாடை இந்தப் பக்கத்துக்காரர்களுக்குப் புதிதில்லை. என்றாலும் கல்லூரி முடித்த கையோடு வந்திருந்த பிள்ளைகள் இரண்டு பேர் மூக்கைத் தேய்த்துக்கொண்டார்கள். அவள் அதைப் பார்த்தும் பார்க்காதவள்போலப் போய்க் கடைசி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

அன்பழகனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். பரமத்தி வேலூர்ப் பக்கம் ஒரு சிற்றூர். குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவன்தான். தங்கச்சி மகளின் காதுகுத்துப் பத்திரிகையில் தாய்மாமன் வரிசையில் அவன் பெயருக்குப் பின்னால் மட்டும்தான் அடைப்புக்குறிக்குள் எம்.எஸ்சி. இருந்தது. அந்தப் பத்திரிகையை லேமினேட் செய்து வைத்திருக்கிறான். அரசு வேலைக்கான தேர்வு எழுதி நான்கு முறை கோட்டைவிட்ட பிறகு, படித்ததைச் சொல்லிக்கொடுக்கலாம் என்று மையத்துக்கு வந்தான். வந்த ஆறு மாதத்தில் பெயர் வாங்கிவிட்டான். காரணம் அவனுடைய ஷார்ட்கட்டுகள்.

எதையும் ஒரு வாக்கியத்தில் முடிந்து கொடுத்துவிடுவான். ஐந்து நீதிப்பேராணைகளை வரிசையாகச் சொல்லவேண்டுமா? ஆட்கொணர்வு, கட்டளையுறுத்துவது, தடையுறுத்துவது, ஆவணக் கேட்பு, தகுதிமுறை வினவுவது. இதை எவன் ஞாபகம் வைத்திருப்பான்? "ஆத்தா கடைக்குத் தனியா ஆட்டோவுல தாவினாள்" என்பான். முதலெழுத்தைப் பிடித்துக்கொண்டால் போதும். அதனால் பிள்ளைகள் அவனுக்கு வைத்த பெயர் 'ஆத்தா சார்'. அந்தப் பெயரில் அவனுக்குப் பெருமைதான்.

பாவாயிக்கு மட்டும் ஆத்தா ஏறவில்லை. மூன்றாவது வாரம் எழுந்து நின்று கேட்டேவிட்டாள்.

"சார், ஆத்தா ஞாபகம் இருக்குதுங்க. ஆட்டோவும் ஞாபகம் இருக்குது. அவ என்னத்துக்குப் போனாங்கறதுதான் மறந்து போகுதுங்க."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. அன்பழகனும் சிரித்தான், ஆனால் உள்ளே சுருக்கென்றது. "நாலு தடவை எழுதிப் பாருங்க அக்கா, வரும்" என்று உட்கார வைத்தான்.

அதற்கு அடுத்த ஞாயிறு அடிப்படை உரிமைகள் பற்றி இருபத்தைந்து கேள்விகளில் ஒரு தேர்வு வைத்தான். சட்டப்பிரிவு எண்ணைக் கொடுத்து உரிமையைக் கேட்பது, உரிமையைக் கொடுத்து எண்ணைக் கேட்பது. நன்றாகப் படிக்கிறவர்களே பதினெட்டு, பத்தொன்பது வாங்கினார்கள். பாவாயி இருபத்தைந்துக்கு இருபத்தைந்து.

இங்கேதான் அன்பழகன் முதல் தப்பைச் செய்தான். ஆத்தாவையே பிடித்துவைக்கத் தெரியாதவளுக்கு இது எப்படி முடியும் என்று மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டான். தேர்வின்போது அவள் கடைசிப் பெஞ்சில் குனிந்து விரல் மடக்கிக்கொண்டிருந்ததும் ஞாபகம் வந்தது. அறுபது பேர் முன்னால் அவளை எழுப்பினான்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. பிட்டு கிட்டு எதாவது இருந்தா இங்கயே வெச்சுருங்க. பரீட்சை ஹால்ல மாட்டுனா மூணு வருசம் எழுத முடியாது. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

பாவாயி எழுந்து நின்றாள். இடுப்பில் செருகியிருந்த முந்தானையை உருவி, எல்லோரும் பார்க்கும்படி இரண்டு முறை உதறினாள். ஓர் ஊக்கும், மடித்த பஸ் சீட்டும் விழுந்தன. அவ்வளவுதான். குனிந்து இரண்டையும் பொறுக்கிக்கொண்டாள்.

வகுப்பில் அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. அன்பழகன் கரும்பலகைப் பக்கம் திரும்பி, எழுதியதையே அழித்து மறுபடி எழுதினான்.

வகுப்பு முடிந்ததும் கீழே பேக்கரியில் அவளை நிறுத்தி டீ வாங்கிக் கொடுத்தான். மன்னிப்பு என்ற வார்த்தை வாயில் வரவில்லை. "எப்படீங்க அக்கா படிச்சீங்க?" என்று மட்டும் கேட்டான்.

அவள் டீயைப் பாதி குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள்.

"பிட்டு அடிச்சேன்னு நீங்க நெனச்சிட்டே இருக்கக் கூடாது பாருங்க, அதனால சொல்றேன். ஒரு தடவைதான் சொல்லுவேன். எனக்கு நெம்பர் நிக்காதுங்க சார். ஆனா எந்த வயசுல எனக்கு என்ன நடந்துதுங்கறது நிக்கும். அது மறக்கோணும்னாலும் மறக்காது. அதனால நெம்பரை எல்லாம் எம் வயசுல கொண்டுபோய்க் கட்டிப்போட்டேன்."

பிறகு விரலை மடக்கினாள்.

"பதினாலு, சட்டத்துக்கு முன்னால எல்லாருஞ் சமம். எம் பதினாலாவது வயசுல ஒம்பதாவது முழுப் பரீட்சையில நானும் பெரிய தோட்டத்துப் பையனும் ஒரே மார்க்கு. ரெண்டு மார்க் ஷீட்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு டீச்சர் காட்டுனாங்க. பதினஞ்சு, ஆணு பொண்ணுன்னு பாகுபாடு கூடாது. பத்தாவது நானும் பாஸு, எங்கண்ணனும் மூணாவது தடவையா பாஸு. அவனுக்கு சைக்கிள் வாங்கிக் கொடுத்து மேல படிக்க அனுப்புனாங்க. என்னையத் தோட்டத்துக்கு அனுப்புனாங்க. பதினாறு, அரசு வேலையில எல்லாத்துக்கும் சம வாய்ப்பு. எங்கண்ணன் வேலைவாய்ப்பு ஆபீசுல பதியப் போனான். நானும் வாரேன்னு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அழுதுட்டே ஓடுனேன். ஏத்தலை."

"பதினேழு?"

"தீண்டாமை ஒழிப்பு." அடுத்த விரலை மடக்கினாள். "எங் கல்யாணத்துக்கு எங்கூடப் படிச்ச புள்ள காலனியிலிருந்து வந்துச்சு. எல்லாத்துக்கும் எவர்சில்வர் டம்ளர்ல காப்பி. அதுக்கு மட்டும் வாசல்ல வெச்சுப் பேப்பர் கப்புல. நான் மணவறையிலிருந்து பாத்துட்டேதான் இருந்தேன். ஒரு வார்த்தை பேசலை. அது கப்பைக் கீழ வெச்சுப்போட்டு எனக்குக் கையைக் காட்டிட்டுப் போயிருச்சு. இந்த ஒண்ணை எத்தனை தடவை கேட்டாலும் தப்பா எழுத மாட்டேன் சார்."

பதினெட்டு, பட்டங்கள் ஒழிப்பு. அந்த வயதில் பெண் குழந்தை பிறந்தது. அதுவரை 'மகாலட்சுமி' என்று கூப்பிட்ட மாமியார் அன்றோடு அந்தப் பட்டத்தைப் பறித்துக்கொண்டார். பத்தொன்பது, பேச்சுரிமை. முதன்முதலாக எதிர்த்துப் பேசினாள். இருபது, ஒரே குற்றத்துக்கு இரண்டு தண்டனை கூடாது. புளி அதிகமான ஒரே குழம்புக்குக் காலையில் புருசனிடம் ஒரு முறை, சாயந்திரம் மாமியாரிடம் சீமாற்றால் ஒரு முறை.

"சீமாறுன்னாலே இருபது வந்துரும்" என்று சொல்லி அவளே லேசாகச் சிரித்தாள்.

அன்பழகன் டீயை மறந்து உட்கார்ந்திருந்தான்.

"இருபத்தொண்ணு, உயிர் வாழும் உரிமை." குரல் இறங்கிவிட்டது. "மத்தியானம் மூணு மணிக்குத் தோட்டத்துக் கெணத்துல குதிச்சேன். புள்ளயக் கையோட கூட்டிட்டுத்தான் போனேன். அவளுக்கு மூணு வயசு. ரெண்டு பேரும் சேந்து போயரலாம்னுதான் போனது. கடைசியில மனசு வரலை, படிக்கட்டுல உக்கார வெச்சிட்டேன். மோட்டாரு போட வந்தவரு அவ அழுகறதைக் கேட்டுத்தான் என்னையத் தூக்குனாரு. இது எம் புள்ளைக்குத் தெரியாதுங்க சார். தெரியவுங் கூடாது. அதுக்கப்புறம் எத்தனை வந்தாலும் நான் சாகோணும்னு நினைக்கலை. ஆனா அவ அதையா பாப்பா? என்னையக் கொல்ல எங்கம்மா கூட்டிட்டுப் போனான்னுதான பாப்பா?"

"நான் யாருகிட்டங்க அக்கா போய்ச் சொல்லப் போறேன்."

"அதுக்குத்தான் சொன்னேன். இருபத்திரண்டைச் சொல்ல மாட்டேன், அது போலீசு சங்கதி. இருபத்திமூணு, இருபத்திநாலு ரெண்டும் பள்ளிபாளையத்துத் தறிக்கூடம். கொத்தடிமை, குழந்தைத் தொழிலாளி. ஆபீசருங்க வந்தா புள்ளயத் தறிக்கு அடியில ஒளிச்சு வெப்பேன். போதுங்களா?"

புருசன் அவளுடைய இருபத்தாறாவது வயதில், ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டியோடு வடக்கே போன இடத்தில் விபத்தில் இறந்துபோனான். பிறகு அவள் புதுச்சத்திரம் பக்கம் கோழிப்பண்ணைக்கு வந்து சேர்ந்து, அங்கேயே ஒரு அறையில் தங்கி, மகள் தேவிப்ரியாவைப் படிக்க வைத்தாள். மகள் இப்போது சேலத்தில் நர்சிங் படிக்கிறாள். வயது வரம்புப்படி பாவாயிக்கு இந்த வருசத் தேர்வுதான் கடைசி. அதனால்தான் வந்திருக்கிறாள்.

அன்பழகன் அன்றைக்கு அறைக்குப் போய்ப் படுத்தபிறகும் பதினாலு, பதினஞ்சு என்று அவனுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. நான்கு முறை தேர்வு எழுதியும் பிரிவு பதினெட்டையும் பத்தொன்பதையும் மாற்றிப் போட்டவன் அவன். இப்போது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். ஒரே ஒரு தடவை கேட்டதுக்கே இப்படி நிற்கிறதே என்று ஆச்சரியப்பட்டான். அந்த ஆச்சரியத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை. எதிர்த்தெருவில் புதிதாக இன்னொரு மையம் திறந்திருந்தார்கள். போட்டிக்கு இவர்களும் ஓர் இலவச அறிமுக வகுப்பு வைத்தார்கள். தொண்ணூறு பேர். மையத்தை நடத்துகிற பாலசுந்தரம் கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அன்பழகன் ஆத்தாவைக் கடைக்கு அனுப்பினான். நாலு பேர்தான் சிரித்தார்கள். எதிர் மையத்துக்காரர்களும் ஒரு ஆத்தாவை வைத்திருந்தார்கள் போலிருக்கிறது. பின்வரிசையில் இரண்டு பேர் எழுந்து போனார்கள். பாலசுந்தரம் கடிகாரத்தைப் பார்த்தார்.

பாவாயி சனிக்கிழமை வருவதில்லை. அவள் ஞாயிற்றுக்கிழமைக்காரி.

"சரி, இப்ப ஒரு அக்கா கதை சொல்றேன்" என்றான் அன்பழகன். "பேரு வேண்டாம். ஒரு கோழிப்பண்ணை அக்கா."

பெயரைச் சொல்லவில்லை என்பதே அவனுக்குப் பெரிய நாணயமாகத் தெரிந்தது. அந்தத் தெம்பில் மற்ற எல்லாவற்றையும் சொன்னான். வெறுமனே சொல்லவுமில்லை, நடித்தே காட்டினான். மூன்றாவது தடவையில் பத்தாவது பாஸ் பண்ணிய அண்ணன் சைக்கிளில் தள்ளாடிப் போவதைக் காட்டினான். மாமியாருக்கு மூக்கால் பேசினான். அட்டெண்டன்ஸ் நோட்டைச் சுருட்டிச் சீமாறாக்கி மேசைமேல் ஓங்கி அடித்தான், ஒரே குழம்புக்கு இரண்டு அடி. வகுப்பு உருண்டு சிரித்தது. எழுந்து போன இரண்டு பேரும் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்கள். சிரிப்பு ஒரு வழுக்குப் பாறை. அதில் இருந்தவனுக்கு எங்கே காலை ஊன்றவேண்டும் என்று தெரியவில்லை. கிணற்றுக்கு வந்தபோதும் அதே வேகத்தில் வந்தான். பிள்ளையைப் படிக்கட்டில் உட்கார வைத்ததைச் சொல்லி, "தொபுக்கடீர்!" என்றான்.

சிரித்தார்கள். அதற்கும் சிரித்தார்கள்.

"இருபத்தொண்ணு?" என்று கேட்டான்.

"கெணறு!" என்று தொண்ணூறு குரல்.

"சட்டப்பிரிவு?"

"உயிர் வாழும் உரிமை!"

அன்றைக்கே ஐம்பத்தேழு பேர் சேர்ந்தார்கள். பாலசுந்தரம் அவன் தோளைத் தட்டி, "தம்பி, இதுதான் உங்க மாஸ்டர் பீஸு" என்றார். சித்தார்த் என்று ஒரு மாணவன், மையத்தின் யூடியூப் வேலையெல்லாம் பார்க்கிறவன், முழுவதையும் செல்போனில் எடுத்திருந்தான். இரவுக்குள் 'வயசு ஷார்ட்கட்' என்று தலைப்புப் போட்டு ஏற்றிவிட்டான். அன்பழகன் அதை மூன்று முறை பார்த்தான். நான்காவது முறை கிணற்றுப் பகுதி வந்தபோது மட்டும் செல்போனைக் கவிழ்த்து வைத்தான். ஏன் என்று யோசிக்கவில்லை.

மறுநாள் ஞாயிறு. பாவாயி வழக்கம்போல ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பக்கத்திலிருந்த பெண் கள்ளங்கபடமில்லாமல், "அக்கா, நீங்களும் கோழிப்பண்ணைதானுங்க? அந்த வீடியோ அக்காவை உங்களுக்குத் தெரியுமுங்களா?" என்று கேட்டு, செல்போனை நீட்டினாள். பாவாயி பார்த்தாள். சத்தம் சின்னதாக வைத்திருந்தும் முன்பெஞ்சு வரைக்கும் கேட்டது. எவனோ ஒருவன், வேடிக்கைக்குத்தான், "தொபுக்கடீர்" என்றான். பிறகு நான்கைந்து தலைகள் அவளைத் திரும்பிப் பார்த்தன. இருபத்தைந்துக்கு இருபத்தைந்து வாங்கியவள் யார் என்பது அந்த வகுப்புக்குத் தெரியும்தானே. ஒருவர் பின் ஒருவராகக் கணக்குப் போட்டு முடிப்பதை அன்பழகன் மேடையிலிருந்து பார்த்தான். அந்த அறையில் அவளைப் பார்க்காமல் இருந்தது அவன் மட்டும்தான்.

அவள் எழுந்து போய்விடுவாள் என்று எதிர்பார்த்தான். போகட்டும் என்று வேண்டிக்கொண்டான். போகவில்லை. இரண்டு மணி நேரமும் உட்கார்ந்து, அடிப்படைக் கடமைகள் பதினொன்றையும் நோட்டில் எழுதிக்கொண்டாள். எல்லோரும் போனபிறகு மேசைக்கு வந்தாள்.

"சார், ஒரே ஒரு வேலை செய்யுங்க. அதை எடுத்துருங்க. அவ பாக்கறதுக்குள்ள எடுத்துருங்க."

"அக்கா, நான் பேரு சொல்லலீங்க..."

"பேரு சொல்லலைங்கற தைரியத்துலதான சார் மத்த அத்தனையுஞ் சொல்லிப்போட்டீங்க?"

அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அவனும் ஏதாவது பதில் சொல்லியிருப்பான்.

பாலசுந்தரத்திடம் ஓடினான். அவர் கொட்டாவி விட்டுக்கொண்டே கேட்டார். "முப்பதாயிரம் பேர் பாத்துட்டாங்க தம்பி. இதை எடுத்தா என்ன, எடுக்காட்டி என்ன? அந்தம்மா யாருன்னு எவனுக்குத் தெரியும்?" செவ்வாய்க்கிழமை, அன்பழகன் வேலையை விட்டுவிடுவேன் என்று சொன்னபிறகுதான் எடுக்கச் சொன்னார். அதற்குள் அது வாட்ஸப் குழுக்களில் வெட்டி ஒட்டி, சின்னச் சின்னத் துண்டுகளாகப் போய்க்கொண்டிருந்தது. அதை எடுக்க யாராலும் முடியாது. சித்தார்த்துக்குத் தெரிந்த வரையில் அதிகம் போனது கிணற்றுத் துண்டுதான்.

அதன்பிறகு பாவாயி வகுப்புக்கு வரவில்லை. அன்பழகன் போன் செய்தான், எடுக்கவில்லை. மூன்றாவது வாரம் ஒரு வியாழக்கிழமை விடுப்புப் போட்டு, பஸ் ஏறி, புதுச்சத்திரத்தில் இறங்கி, விசாரித்துக்கொண்டு பண்ணைக்கு நடந்தான்.

வாசலில் காவலுக்கு இருந்தவர் மருந்துத் தண்ணீர்த் தொட்டியைக் காட்டினார். "காலை நனைச்சுட்டு வாங்க. செட்டுக்குள்ள போகப்படாது. வெளியாளு போனா கோழிக்கு நோவு வரும்." அன்பழகன் செருப்போடு காலை நனைத்தான். நீளமான செட்டின் கம்பி வலைக்கு வெளியே போய் நின்றான். உள்ளே ஆயிரக்கணக்கில் கோழிகள் கொக்கரித்துக்கொண்டிருந்தன. பாவாயி இரண்டு வரிசைக் கூண்டுகளுக்கு நடுவில், அட்டையில் முட்டைகளை அடுக்கிக்கொண்டே வந்தாள். அவனைப் பார்த்தும் கை நிற்கவில்லை.

"வாங்க சார்."

"எடுத்துட்டமுங்க அக்கா. யூடியூப்லேருந்து எடுத்துட்டம்."

"ம்."

"அவங்க... தேவிப்ரியா..."

அவள் அட்டையை நிரப்பி, அடுத்த அட்டையை அதன்மேல் வைத்தாள். "அவ ஹாஸ்டல் குரூப்புல வந்துச்சாம். எல்லாரும் பாத்துச் சிரிச்சிருக்காங்க, இவளுஞ் சிரிச்சிருக்கா. பள்ளிபாளையம், தறிக்கு அடியில ஒளிச்சு வெச்சதுன்னு வந்ததும்தான் இவளுக்கு ஒறைச்சிருக்குது. அது அவளுக்கே ஞாபகம் இருக்குது பாருங்க. போன் பண்ணுனா. ஒரே கேள்விதான் கேட்டா. படிக்கட்டுல உக்கார வெச்சது என்னையத்தானான்னு கேட்டா."

கோழிச் சத்தத்தில் அவன் வலைக்கு இன்னும் கிட்டத்தில் போகவேண்டியிருந்தது.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆமான்னு சொன்னேன். பொய் சொல்லலாமான்னு யோசிக்கறதுக்குள்ள வாய் ஆமான்னு சொல்லிப்போடுச்சு. வெச்சிட்டா. அப்பறம் பேசலை."

"நான் போய்ப் பேசட்டுங்களா? சேலத்துக்கே போய் அவங்ககிட்ட நான்தான் தப்புப் பண்ணுனேன்னு..."

"என்னன்னு பேசுவீங்க? நீங்க சொன்னது பொய்யின்னா?" அப்போதுதான் கையை நிறுத்தி அவனை நேராகப் பார்த்தாள். "பொய்யி ஒண்ணுமில்லையே சார் அதுல. நீங்க மாமியா மாதிரி பேசுனது கூட அச்சா அப்படியேதான் இருந்துச்சு."

அன்பழகன் கம்பியைப் பிடித்துக்கொண்டான். வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த மன்னிப்பு, அந்த இடத்தில் எதற்கும் உதவாத சாமானாகக் கையில் இருந்தது. இருந்தாலும் சொன்னான். "மன்னிச்சுருங்க அக்கா. பிள்ளைங்களுக்கு மனசுல நிக்கோணும்னுதான் சொல்லிப்போட்டேன்."

"நிக்குதுங்க. நல்லாவே நிக்குது." அடுத்த கூண்டுக்கு நகர்ந்தாள். பிறகு, கோபமே இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறவளைப்போலக் கேட்டாள்: "ஏஞ் சார், உங்களுக்கும் பதினாலு, பதினஞ்செல்லாம் இருந்திருக்குமில்ல? அதைச் சொல்லியிருக்கலாமில்லைங்க?"

அவனுக்கும் இருந்தது. அவனுடைய பதினாலாவது வயதில், ஒன்பதாம் வகுப்பில், மத்தியானச் சோற்றை மறந்துவிட்டுப் போனான் என்று அவனுடைய அப்பா தங்கமுத்து தூக்குப்போசியோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தார். வெற்றிலைக் கொடிக்காலில் கூலி வேலை. முழங்கால்வரை சேறு, இடுப்பில் துண்டு. இவர் யார் என்று கூட இருந்த பையன்கள் கேட்டதற்கு, "எங்க தோட்டத்துல வேலை செய்யற ஆளு" என்றான் அன்பழகன். அப்பாவுக்குக் காது நன்றாகக் கேட்கும். போசியைத் திண்டில் வைத்துவிட்டு, "சாப்புடுங்க சாமி" என்று, தோட்டத்து ஆள் முதலாளி மகனிடம் சொல்வதுபோலவே சொல்லிவிட்டுப் போனார். இன்றுவரைக்கும் வகுப்பில் யார் கேட்டாலும் 'அப்பா விவசாயி' என்றுதான் சொல்கிறான்.

இதை அன்றைக்குப் பாவாயியிடம் சொல்லியிருக்கலாம். வலைக்கு வெளியே நின்றுகொண்டு, வாயை இரண்டு முறை திறந்தான். வரவில்லை. அவளும் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. வரிசையின் கடைசிக்குப் போய்விட்டாள்.

அடுத்த சனிக்கிழமை வகுப்பில், "எனக்குப் பதினாலு வயசுல..." என்று ஆரம்பித்தான். புதுப் பிள்ளைகள் நோட்டை மூடிவிட்டு, சிரிக்கத் தயாராக நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அந்த முகங்களைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். தண்ணீர் குடித்துவிட்டு ஆத்தாவைக் கடைக்கு அனுப்பினான்.

பாவாயி தேர்வு எழுதினாள். தேர்வு மையம் ராசிபுரத்தில். அன்பழகன் காலையிலேயே போய் எதிர்ப்பக்கம் ஒரு புளியமரத்தடியில் நின்றான். அவள் கண்ணில் படவேண்டுமா கூடாதா என்றே தெரியாமல் நின்றான். மத்தியானம் கூட்டத்தோடு வெளியே வந்தவள் அவனைப் பார்த்துவிட்டாள். ரோட்டைத் தாண்டி அவளாகவே வந்தாள்.

"எப்படீங்க அக்கா?"

"எழுதியிருக்கறேன்."

"அடிப்படை உரிமையில கேட்டிருந்தாங்களா?"

"ரெண்டு வந்துச்சு. ஒண்ணு இருபத்தொண்ணு."

அவன் தரையைப் பார்த்தான். மற்ற எல்லோருக்கும் அந்தக் கேள்வி லட்டு மாதிரி விழுந்திருக்கும். உள்ளே எத்தனை பேர் அதைப் பார்த்து உதட்டுக்குள் சிரித்திருப்பார்கள், அந்தச் சிரிப்புக்கு நடுவில் அவள் எப்படி உட்கார்ந்திருந்தாள் என்று கேட்க அவனுக்கு வாயில்லை.

"சரியாத்தான் போட்டேன்" என்றாள் அவள். "கணக்குலதான் பத்துப் பன்னண்டு போயிருச்சு. வாரேனுங்க, பஸ் வந்துரும்."

முடிவு வந்தபோது அவனுடைய மையத்தில் பதினான்கு பேர் தேறியிருந்தார்கள். பாலசுந்தரம் அவர்களுடைய போட்டோக்களைப் போட்டு மாடியிலிருந்து கீழே வரை ஒரு ஃபிளெக்ஸ் தொங்கவிட்டார். பாவாயியின் தரவரிசை கலந்தாய்வுக்கு எட்டாத தூரத்தில் நின்றது என்று கேள்விப்பட்டான். கணக்கில் போனது என்று அவள் சொன்னது நிஜம்தானா, அல்லது அவனுக்கு அந்தப் பாரமும் வேண்டாம் என்று சொன்னதா என்று அன்பழகனுக்குத் தெரியவில்லை. விடைத்தாள் நகலைப் பார்க்க வழி இருக்கிறது. அவளிடம் பதிவெண் கேட்கவேண்டும். கேட்கவில்லை.

வயசு ஷார்ட்கட்டை அவன் பிறகு ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. எதிர்த்தெரு மையத்தில் சொல்கிறார்கள். சேலத்திலும் சொல்கிறார்கள் என்று கேள்வி. அங்கே அது அரைகுறையாக மாறி, கோழிப்பண்ணை அக்கா இப்போது முறுக்குக் கடை அக்கா ஆகிவிட்டாளாம். கிணறு மட்டும் மாறவில்லை.

பாவாயி அதே பண்ணையில்தான் இருக்கிறாள். கூண்டு வேலையிலிருந்து மாற்றி, முட்டைகளைத் தரம் பிரிக்கிற இடத்தில் பொறுப்பாகப் போட்டிருக்கிறார்கள். அவளுடைய கையின்கீழ் ஆறு பெண்கள் வேலை செய்கிறார்கள். தேர்வுப் புத்தகங்களைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட்டாள். தேவிப்ரியா நர்சிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். ஏழு மாதம் பேசாமல் இருந்தவள், இப்போது இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை அம்மாவைப் பார்க்க வருகிறாள். காலையில் வந்து மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, சாயந்திர பஸ்ஸில் போய்விடுகிறாள், ராத்தங்குவதில்லை.